காற்றாடி மெஷினில் ஒரு விரிசல்

மாடிப்படியேறி உள்ளே வந்த லிம் பூன் சியாங் உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மேசையைத் தட்டினார்.

"என் மெஷினை ஒடச்சிட்டான். அவனை உள்ள தள்ளணும். என்ன செலவானாலும் சரி."

பினாங்கில் லெபோ பாசார் தெருவில், சாப்பாட்டுக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்த அறை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் நாச்சியார். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்து மதிப்புப் போட்டவர். பிறகு தனியாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். எதிரே யார் கத்தினாலும் அவர் குரல் ஏறாது. பக்கத்தில் இருந்த சவரிமுத்துவின் குரல் ஏறுவதற்கென்றே படைக்கப்பட்டது. பட்டர்வொர்த் ஃபெரியில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற மனிதர். துருவின்மேல் சாயமடித்த மோட்டார் சைக்கிளை எவனோ ஒரு கடைக்காரன் எப்போதோ தலையில் கட்டிவிட்டான் என்று, இன்றைக்கும் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி முறைத்துவிட்டுத்தான் போவார். பழி என்ற வாசனை அடித்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"யாரு தவுக்கே ஒடச்சது?" என்றார். சீன முதலாளிகளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"தியாம் ஹுவாட். அச்சுக்கடைக்காரன். வேற எவன்?"

பூன் சியாங்குக்குப் பழைய அச்சு இயந்திரங்கள் வாங்கி விற்கும் தொழில். பினாங்கிலும் கெடாவிலும் அச்சுக்கூடக்காரர்கள் கழித்துக்கட்டும் மெஷின்களை வாங்கி, கழுவித் துடைத்து, கடல் தாண்டி மேடானுக்கும் ரங்கூனுக்கும் அனுப்புவார். தியாம் ஹுவாட்டிடம் அவர் வாங்கியது ஒரு ஜெர்மன் மெஷின். இரண்டு இரும்புக் கைகள் சுழன்று சுழன்று தாளைத் தாமே எடுத்து வைக்கும் என்பதால் ஊரில் அதற்குக் காற்றாடி மெஷின் என்று பேர்.

"வித்துட்டுக் காசையும் வாங்கிட்டான். அப்புறம் கோப்பிக்கடையில நாலு பேர் முன்னால என் மூஞ்சில சூடா கோப்பிய ஊத்துறான். 'அந்த மெஷின் உன் கையில ஒடையணும், நீ காட்டின எடத்துலயே ஒடையணும்'னு சாபம் வேற. போன வாரம் அதே மாதிரி ஒடஞ்சு கெடக்கு. போலீஸ்ல கேட்டா, திங்கக்கிழமை கூப்பிட்டு விசாரிக்கிறோம், ஆதாரம் இருக்கான்றான். இன்சூரன்ஸ்காரனும் ஆதாரம் கேக்குறான். நீங்க எழுதிக் குடுத்தா ரெண்டு பேரும் நம்புவாங்க."

"பாத்துட்டு எழுதுறேன்," என்றார் நாச்சியார். "பாக்காம ஒண்ணும் எழுதுறதில்ல."

*

ஜெலுத்தோங்கில் இருந்த கிடங்கில் மண்ணெண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைத்தது. வரிசையாக நின்ற மெஷின்களுக்கு நடுவே அந்தக் காற்றாடி மெஷின் வாயைத் திறந்துகொண்டு நின்றது. தாளை அழுத்தும் இரண்டு தட்டுகளுக்கும் இடையில் யாரோ கனத்த இரும்புக் கம்பி ஒன்றைச் செருகி, மோட்டாரைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். அழுத்தம் தாங்காமல், தட்டுகளை இழுத்து மூடும் வலப்பக்கத்து வார்ப்பிரும்புக் கை பிளந்து தொங்கியது. மெஷின் நெற்றியில் நம்பர் தகடு இரண்டு திருகாணிகளோடு பளிச்சென்று இருந்தது.

"யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்," என்றார் பூன் சியாங். "கம்பியைப் பாருங்க. கதவுத் தாழ்ப்பாளையும் பாருங்க."

கம்பியின் பிடியில் பொன்னிறத் தூள் ஒட்டியிருந்தது. தாழ்ப்பாளிலும் அதே தூள்.

"தங்கத்தூள்! இந்த ஊர்ல தங்க அச்சு வேலை செய்றவன் அவன் ஒருத்தன்தான். ஒட்டுற மையில அச்சடிச்சு, மேல இந்தத் தூளத் தூவித் தேய்ப்பான். கலியாணப் பத்திரிகை, சாமிக்கு எரிக்கிற தாளு எல்லாத்துலயும் இதான்."

"அடப்பாவி, கையெழுத்துப் போட்டுட்டுல்ல போயிருக்கான்!" என்றார் சவரிமுத்து. கேஸ் முடிந்த திருப்தியில், சுவரோரம் ஆணியடித்து வைத்திருந்த பெரிய மரப்பெட்டியின் நீட்டிய அடிப்பலகையில் உட்கார்ந்தார்.

"அதுல உக்காராதீங்க!" பூன் சியாங்கின் குரல் கீச்சென்று வந்தது. "தண்ணி பம்ப் இருக்கு. மேடானுக்குப் போற சரக்கு."

சவரிமுத்து எழுந்துவிட்டார். பம்ப் என்ன முட்டையா, உட்கார்ந்தால் உடைய என்று அவருக்குக் கோபம். ஆனால் கட்சிக்காரர் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டார்.

நாச்சியார் டார்ச்சை அடித்துப் பிளவைப் பார்த்தார். பிளந்த முகம் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. உள்விளிம்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்து, எண்ணெய் ஊறிக் கிடந்தது. பிறகு ஒரு குச்சியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, மெஷினில் எண்ணெய் விடும் துவாரங்களில் ஒவ்வொன்றாக விட்டுத் திருகி எடுத்தார். துணி கறுப்பு மையும் பழைய எண்ணெயும் குழைந்த சகதியாக வந்தது. நம்பர் தகட்டின் திருகாணிகளையும் குனிந்து பார்த்தார்.

"வாங்கினதும் கழுவினீங்களா தவுக்கே?"

"கழுவாம விப்பேனா? மண்ணெண்ணெய் ஊத்திச் சுத்தமாக் கழுவியாச்சு."

"யாரு கழுவினது?"

மூலையில் நின்றிருந்த வேலையாள் ரசாலி, "நாந்தான் மேடம்," என்றார். மெலிந்த, நாற்பது வயது மனிதர். "ஆனா ஒடஞ்சப்ப நான் இல்ல. தவுக்கே மூணு நாள் லீவு குடுத்தாரு. வேலைக்கு வந்து இத்தன வருஷத்துல கேக்காமக் கெடச்ச லீவு அது ஒண்ணுதான்."

"வாய் ரொம்ப நீளுது," என்றார் பூன் சியாங். ரசாலி தலையைக் குனிந்துகொண்டார்.

*

வெளியே வந்ததும் சாலையோரக் கடையில் பசியாறப் போனார்கள். ரொட்டி விசிறிக்கொண்டிருந்த கடைக்காரர் சவரிமுத்துவைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, காற்சட்டை பூரா ஜிகினா? சாயங்காலம் மேடையேறி ஆடப்போறீங்களா?" என்று கேட்டார். கடையே சிரித்தது.

சவரிமுத்து பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். கையில் பொன் மினுமினுப்பு. "இந்த அச்சுக்கடைக்காரன் எழவு எல்லா எடத்துலயும் ஒட்டுதே," என்று முணுமுணுத்தார். நாச்சியார் அவரையும் அவருடைய காற்சட்டையையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ரொட்டியைக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டார்.

தியாம் ஹுவாட்டின் அச்சுக்கடை ரோப் வாக்குக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. உள்ளே நுழைந்தபோதே சவரிமுத்துவுக்குக் கண் கூசியது. ஜன்னல் கம்பி, காலண்டர், வாசலில் கிடந்த செருப்பு, தியாம் ஹுவாட்டின் புருவம், எல்லாவற்றிலும் பொன்தூள். அவர் கொண்டுவந்து வைத்த தேநீரின் மேலும் நாலு துணுக்கு மிதந்தது.

சீனர் கணக்கில் ஏழாம் மாதம் பிறக்கப் போகிறது. செத்தவர்கள் வீடு தேடி வரும் மாதம். அவர்களுக்கு எரிக்கிற தாளுக்கும் பொட்டலத்துக்கும் ஊரே வந்து நிற்கும் நேரம். வருஷச் சாப்பாட்டில் பாதி அந்த ஒரு மாதத்தில்தான். அந்த நேரம் பார்த்துத் திங்கட்கிழமை போலீஸ் வரச் சொல்லியிருக்கிறது. உள்ளே வைத்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

"நான் ஒடைக்கல," என்றார் தியாம் ஹுவாட். "ஆனா ஒடச்சவன் யாருன்னு சொல்லுங்க, அவன் கையில முத்தம் குடுக்குறேன். அந்த மெஷின் ஒடஞ்சுதுன்னு கேட்ட அன்னைக்குத்தான் நான் வயிறாரச் சோறு தின்னேன்."

"அப்படி என்ன பண்ணிட்டாரு அவரு?" என்றார் நாச்சியார்.

"என்ன பண்ணினானா? நல்லா ஓடிக்கிட்டிருந்த மெஷின். தற்செயலா வந்த மாதிரி வந்தான். டார்ச் அடிச்சான். மெஷினோட வலது கையில விரலை வச்சான். 'ஐயோ, விரிசல்! ஒருநாள் ஓடுறப்ப இந்தக் கை பிஞ்சு வந்து உன் பொண்டாட்டி தலையில அடிக்கும்'னான். பாத்தேன், கோடு இருந்துச்சு. என் பொண்டாட்டிதான் அது பக்கத்துல நின்னு வேலை செய்றவ. பயந்துட்டேன். பழைய இரும்பு வெலைக்குத் தூக்கிக் குடுத்தேன். அதோட விட்டானா? இதோ நிக்குதே இந்த அழுகுணி மெஷின், இதையும் அவன்தான் முழு வெலைக்கு என் தலையில கட்டினான்."

"விரிசல் இல்லன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"அவன் வாயாலயே. கோப்பிக்கடையில பக்கத்து மேசையில உக்காந்துக்கிட்டு மேடான்காரன்கிட்ட சொல்றான், 'கீறல்கூட இல்லாத மெஷின், நெருப்பு மாதிரி ஓடும்'னு. பென்சில் கரியைத் தடவிக் கோடு காட்டியிருக்கான், திருட்டு நாய்! அதான் கோப்பிய ஊத்தினேன். இன்னும் சூடா கெடச்சிருந்தா அதையும் ஊத்தியிருப்பேன்."

சவரிமுத்துவுக்கு மோட்டார் சைக்கிள் ஞாபகம் வந்துவிட்டது. அதுவரை கட்சிக்காரராக இருந்த பூன் சியாங் ஒரே நொடியில் ஜென்ம விரோதியாகிவிட்டார். "ஊத்துனது தப்பே இல்ல," என்றார்.

நாச்சியார் எழுந்து அந்த அழுகுணி மெஷினிடம் போனார். "இது இங்க வந்து எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு மாசம்கூட ஆகல."

நாச்சியார் அதன் எண்ணெய்த் துவாரத்திலும் துணிக்குச்சியை விட்டுத் திருகினார். துணியைப் பார்த்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேணாம்," என்றார். "ஜெலுத்தோங் கிடங்குக்கு வாங்க, இன்ஸ்பெக்டரையும் அங்க வரச் சொல்றேன்."

திரும்பும் வழியில் சவரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, ஆளு நல்லவன். ஆனா தூளு அவனோடதுதானே? வேற யார்கிட்டயும் கெடையாதே."

"தூள் இருந்த எடத்தையே பாத்துக்கிட்டிருக்கீங்க அண்ணே," என்றார் நாச்சியார். "இல்லாத எடத்தையும் கொஞ்சம் யோசிங்க."

*

திங்கட்கிழமை காலை கிடங்கில் ஐந்து பேரோடு ஆறாவதாக இன்ஸ்பெக்டர் ஹலீமும் இருந்தார். தியாம் ஹுவாட் வாசலருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூன் சியாங் புதுச் சட்டை போட்டிருந்தார். எதிரி கைதாவதைப் பார்க்க உடுத்தி வந்த சட்டை அது.

"ஆதாரம் கெடச்சிருச்சா?" என்றார்.

"கெடச்சிருச்சு," என்றார் நாச்சியார். "தியாம் ஹுவாட் இந்த மெஷின்ல எத்தன வருஷம் தங்க வேலை செஞ்சாரு?"

"இருபது வருஷம் இருக்கும். அதுக்கென்ன?"

நாச்சியார் இரண்டு துணிகளை மேசையில் விரித்தார். ஒன்றில் கறுப்புச் சகதி. மற்றொன்றில் அதே சகதிக்குள் பொன் பொடி மின்னியது.

"பளபளக்குறது, அவர் கடையில ரெண்டு மாசம்கூட நிக்காத மெஷின்லேர்ந்து எடுத்தது. கறுப்பா இருக்குறது, இருபது வருஷம் தங்க வேலை செஞ்சதுன்னு நீங்க சொல்ற இந்த மெஷின்லேர்ந்து எடுத்தது. இதுல ஒரு துணுக்குகூட தங்கம் இல்ல."

"அதான் கழுவினேன்னு சொன்னேனே!"

"கழுவினா ரெண்டும் போயிருக்கணும் தவுக்கே. பழைய மையும் எண்ணெயும் உள்ள அப்படியே இருக்கு. அதைத் தொடாம, அதுக்குள்ள கலந்த தங்கத்தை மட்டும் பொறுக்கி எடுக்குற மண்ணெண்ணெய் எந்தக் கடையில விக்குது?"

சவரிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் ஹலீம் சிரிக்கவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் வந்தார்.

"தியாம் ஹுவாட் கை படுற எடத்துல எல்லாம் தங்கம் இருக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கம்பியில வச்சீங்க, தாழ்ப்பாள்ல வச்சீங்க. அவரோட மெஷின்லயும் இருக்கணுமேன்னு தோணல. ஏன்னா ஒரு மெஷினை வாங்கினதும் கழுவுறது உங்க தொழில். கழுவின மெஷின் சுத்தமான மெஷின்னு உங்க மனசுல ஊறிப்போச்சு. எண்ணெய்த் துவாரத்துக்குள்ள எவனும் பாக்க மாட்டான்னு நெனச்சீங்க."

"அப்ப இது என் மெஷினே இல்லயா?" என்றார் தியாம் ஹுவாட்.

"இல்ல. நம்பர் தகடு மட்டும் உங்களோடது. திருகாணி ரெண்டுலயும் புதுக் கீறல் இருக்கு. இந்தப் பிளவைப் பாருங்க இன்ஸ்பெக்டர். மினுங்குறது புதுசா ஒடஞ்சது. உள்விளிம்புல கறுத்து எண்ணெய் ஊறியிருக்குதே, அது பழைய விரிசல். நெசமாவே விரிசல் விட்ட வேற ஒரு மெஷின் இது. விக்க முடியாமக் கெடந்தது. ரசாலி, அப்படி ஒண்ணு இங்க இருந்துச்சா?"

ரசாலி பூன் சியாங்கைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். "இருந்துச்சு மேடம். பின்கட்டுல தார்ப்பாய் போட்டு. லீவு முடிஞ்சு வந்தப்ப காணோம். கேட்டதுக்கு, பழைய இரும்புக்குப் போட்டாச்சுன்னாரு. தியாம் ஹுவாட் மெஷினைக் கழுவினது நான். கழுவக் கழுவத் தங்கமா வந்துச்சு, ஒரு வாரம் என் சோத்துல தங்கம். இதப் பாத்தப்பவே சந்தேகம்தான். வாயைத் தொறந்தா வேலை போயிருமேன்னு..."

"பொய்!" என்று கத்தினார் பூன் சியாங். "அப்ப அவனோட மெஷின் எங்க? காட்டுங்க பாப்போம்!"

நாச்சியார் சவரிமுத்துவிடம் திரும்பினார். "அண்ணே, ரொட்டிக் கடையில உங்க காற்சட்டையில தங்கம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? மானம் போச்சே."

"அது எங்க ஒட்டிச்சு?"

"அச்சுக்கடையில..." என்று தொடங்கிய சவரிமுத்து நிறுத்தினார். முகம் மெல்ல மாறியது. "இல்லயே. பசியாறிட்டுத்தானே நாம அச்சுக்கடைக்கே போனோம்!"

"அதுக்கு முன்னால எங்க உக்காந்தீங்க? கம்பி மேலயா, தாழ்ப்பாள் மேலயா?"

சவரிமுத்து சட்டென்று திரும்பினார். கிடங்கில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேரே அந்த மரப்பெட்டிக்குப் போனார். பூன் சியாங் குறுக்கே வந்தபோது இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்தார். முதல் பலகை பிய்ந்ததும் இடுக்குகளிலிருந்து பொன்தூள் உதிர்ந்தது. உள்ளே வலது கை முழுசாக, நம்பர் தகடு இல்லாத நெற்றியோடு ஒரு காற்றாடி மெஷின் நின்றது.

"கம்பியில வச்ச தூளும் இதுலேர்ந்து எடுத்ததுதான். பழைய ஒடசலுக்கு இன்சூரன்ஸ், நல்ல மெஷினுக்கு மேடான் பணம்," என்றார் நாச்சியார். "ஆனா அதுக்காக மட்டும் இவ்வளவு பண்ணல. அதுக்கு ஒரு விபத்துன்னு சொன்னாப் போதும். தியாம் ஹுவாட் சாபம் விட்ட அதே எடத்துல ஒடைக்கணும், அவர் ஜெயிலுக்குப் போகணும், அதுவும் ஏழாம் மாசத்துக்கு முன்னால போகணும். கோப்பி ஊத்துனதுக்குப் பழி. என்கிட்ட வந்ததும் அதுக்குத்தான்."

"எல்லார் முன்னாலயும் ஊத்தினான்!" பூன் சியாங் தோளிலிருந்த கையை உதறினார். "என் அப்பா காலத்துலேர்ந்து நாங்க உக்காருற மேசை அது. இப்ப அங்க போனா சிரிக்கிறாங்க!"

தியாம் ஹுவாட் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மெஷினுக்கு அருகே போய், அதன் வலது கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தார். விரிசல் என்று காட்டப்பட்ட கோட்டில், கழுவிய துணி எட்டாத மூலையில் மிச்சமிருந்தது கறுப்பாகக் கட்டைவிரலோடு வந்துவிட்டது. அந்த விரலைப் பூன் சியாங்கின் புதுச் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, நிதானமாகத் துடைத்தார்.

"உன் சரக்கு. நீயே வச்சுக்க," என்றார்.

*

பூன் சியாங் ஜாமீனில் வெளியே வந்தார். ஒரு வழக்காவது குறையட்டும் என்று வக்கீல் சொன்னதில், மெஷின் தியாம் ஹுவாட்டின் சந்துக்கே திரும்பிப் போனது. ரசாலியும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இத்தோடு விட்டிருந்தால் கதை சாதாரணமாக முடிந்திருக்கும். தியாம் ஹுவாட் விடுகிற ஆள் இல்லை.

ஏழாம் மாதம் பிறந்து சில நாளில், பூன் சியாங் மறுபடி மாடிப்படி ஏறி வந்தார். இந்தத் தடவை உட்காரச் சொல்லும்வரை நின்றார். கன்னம் ஒட்டியிருந்தது. கையில் காகிதப் பொட்டலம் ஒன்று வைத்திருந்தார். செத்தவர்களுக்குத் துணியும் பணமும் வைத்து எரிக்கிற பொட்டலம். அதன்மேல் ஒட்டும் தாளில், போய்ச்சேர வேண்டியவர் பேரை அச்சடித்திருப்பார்கள்.

அதில் பொன்னெழுத்தில், அழகாக, பிசிறில்லாமல் லிம் பூன் சியாங் என்று இருந்தது.

"தெனமும் மத்தியானம் வர்றான்," என்றார். "என் கிடங்கு வாசல்ல, ரோட்டுல நிக்கிறவன் எல்லாரும் பாக்க, ஒண்ணொண்ணா வச்சு எரிக்கிறான். விழுந்து கும்பிட்டுட்டு வேற போறான். என் மாமியார் வீட்டை விட்டே போயிட்டா. மேடான்காரன் போன் பண்ணி, செத்தவன்கிட்ட யாவாரம் பண்ண மாட்டேன்னு வச்சிட்டான். இத மட்டும் நெருப்புலேர்ந்து பிடுங்கிட்டு ஓடி வந்தேன். நீங்க சொன்னாக் கேப்பான். நிறுத்தச் சொல்லுங்கம்மா."

"உங்க சாமானை எதையாவது ஒடச்சாரா?"

"இல்ல."

"உங்க எடத்துக்குள்ள வந்தாரா?"

"இல்ல. ரோட்டுலதான் நிக்கிறான்."

"அப்ப இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு தவுக்கே? யாரு, எதுக்கு, எல்லாம் தெரிஞ்சதுதானே."

பூன் சியாங் பொட்டலத்தை மேசையில் வைக்கப் பார்த்தார். நாச்சியார் தலையசைத்ததும் மறுபடி எடுத்துக்கொண்டார். உள்ளங்கை இரண்டிலும் தங்கத்தூள் அப்பியிருந்தது. சட்டையில் தேய்த்தார், சட்டைக்கும் வந்தது. முகத்து வியர்வையைத் துடைத்தார், முகத்துக்கும் வந்தது.

"மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிப் பாருங்களேன்," என்றார் சவரிமுத்து.

பூன் சியாங் படியிறங்கிப் போனார். அவர் பிடித்துக்கொண்டு போன கைப்பிடிக் கட்டையில் பொன் தடம் தெரிந்தது. சவரிமுத்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தலையில் கட்டப்பட்ட அந்தத் துரு மோட்டார் சைக்கிளின் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க அண்ணே?"

"தியாம் ஹுவாட் கடை வரைக்கும்," என்றார் சவரிமுத்து. "ஒரு பேர் அச்சடிக்கணும்."